காசிராஜனும் கார்டின் பவர் லிமிட்டும்

வலது கையில் இரண்டு விரல்கள் போன பிறகு காசிராஜனால் கம்ப்யூட்டரில் கேம் விளையாட முடியவில்லை. அவன் முதலில் சொன்னதும் அதைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அறைத்தோழன் உச்சிமாகாளி, "வலிக்குதாலே?" என்று கேட்டதற்கு, "வலியெல்லாம் இல்ல. மவுஸ்தான் பிடிக்க வராது" என்றான்.

இருவருக்கும் சொந்த ஊர் களக்காடு. ஐடிஐ முடித்துவிட்டு சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவர்கள். ஆளுக்கொரு கம்பெனி, தங்குவது மட்டும் பக்கத்து வல்லத்தில் சசிகலா அக்கா வீட்டு மாடியறையில் ஒன்றாக. காசிராஜன் கார் பாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தான். தகட்டை அச்சில் வைத்து, கையை எடுத்துவிட்டு, காலால் பெடலை அழுத்த வேண்டும், மேல் அச்சு இறங்கும். மெஷினுக்குள் கை இருந்தால் நிறுத்திவிடும் சென்சார் ஒன்று உண்டு. அது சும்மா சும்மா மெஷினை நிறுத்துகிறது, எண்ணிக்கை வரவில்லை என்று சூப்பர்வைசர் தமிழ்வாணன் அதை அணைத்து வைக்கச் சொல்வார். எல்லா ஷிப்ட்டிலும் அப்படித்தான். காசிராஜனே பலமுறை சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறான்.

அன்று தகடு லேசாகச் சரிந்தது. சரிசெய்யக் கை போயிற்று. அதற்குள் கால் பழக்கத்தில் பெடலை அழுத்திவிட்டது. பக்கத்து மெஷின்காரன் கத்தியதும், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று காசிராஜனே திரும்பிப் பார்த்தான். பிறகுதான் தன் கையுறை தட்டையாகக் கிடப்பதைக் கண்டான்.

தமிழ்வாணன் ஆப்பிளோடு அறைக்கு வந்தார். மோசமான ஆள் இல்லை. ஆஸ்பத்திரியிலும் கூடவே இருந்தவர். மேலே ஃபேனைப் பார்த்தபடி பேசினார்.

"விசாரணைக்கு ஆபீசர் வருவாங்க காசி. சென்சார் ஆன்லதான் இருந்துச்சு, நாந்தான் அவசரத்துல எப்படியோ கைய விட்டுட்டேன்னு சொல்லிடு. எல்லாருக்கும் நல்லது. ஸ்டோர்ஸ்ல லைட் டூட்டிக்கு நான் பேசுறேன்."

"சரி சார்."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வான் என்று அவர் நினைக்கவில்லை போலிருக்கிறது. சொல்ல வைத்திருந்த மிச்சத்தைச் சொல்லாமலே கிளம்பினார்.

உச்சிமாகாளி வேலைக்குப் போனதும் பகல் அப்படியே கிடந்தது. கம்ப்யூட்டர் இருந்தது, அதில் கேம் படங்களை வரைந்து திரைக்குத் தரும் கிராபிக்ஸ் கார்டு, சென்னை ரிச்சி தெருவில் பழையதாக வாங்கியது. விளையாட முடியாதே தவிர, கார்டின் திறனைச் சோதிக்கும் பெஞ்ச்மார்க்கை ஓட்டலாம். அதற்குக் கையே வேண்டாம். காடு, ஆறு, எரியும் கப்பல் என்று தானாகப் படம் ஓடி, முடிவில் ஒரு ஸ்கோர் காட்டும். இடது கையால் ஸ்லைடரைத் தள்ளிக் கார்டின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவான். ஓட்டுவான். ஸ்கோர் ஏறும். மறுபடி தள்ளுவான். ஒருமுறை ஆற்றில் பச்சைப் புள்ளிகள் மின்னி, திரை கறுத்துத் திரும்பி வந்தது. கொஞ்சம் குறைத்தான். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. பொழுது போயிற்று.

பிறகு ஸ்கோர் நின்றுவிட்டது. எவ்வளவு கூட்டினாலும் அதேதான். கவனித்துப் பார்த்தபோது, அவன் வைத்த வேகத்தைக் கார்டு தொடவே இல்லை என்று தெரிந்தது. எரியும் கப்பல் வந்ததும் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. காரணம் 'பவர் லிமிட்' என்று திரையில் காட்டியது. இணையத்தில் தேடிப் படித்தான். தான் இழுக்கும் மின்சாரத்தைக் கார்டு அளந்துகொண்டே இருக்குமாம். செய்தவர்கள் வைத்த வரம்பை எட்டினால் வேகத்தைக் குறைத்துவிடுமாம். அந்த வரம்பையும் ஓரளவு ஏற்றலாம். அவன் அதைக் கடைசி வரை ஏற்றித்தான் வைத்திருந்தான். அதற்கு மேலும் வேண்டுமென்றால் கார்டுக்குள் எழுதியிருக்கும் பயாஸ் என்ற கட்டளைத் தொகுப்பை அழித்துவிட்டு, வரம்பு அதிகமுள்ள வேறு கார்டின் பயாஸை ஏற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உச்சிமாகாளியிடம் சொன்னான்.

"கார்டு செத்துராதாலே?"

"சாவலாம்."

"பொறவு எதுக்கு?"

காசிராஜன் யோசித்துப் பார்த்தான். "சும்மா பாப்போம்" என்றான்.

ஏற்றினான். கார்டு இப்போது எங்கும் தயங்கவில்லை. அதன் ஃபேன் இரைந்தது, ஸ்கோர் இதுவரை காணாத உயரத்துக்குப் போனது. "ஏ யப்பா!" என்று உச்சிமாகாளி தொடையில் தட்டினான். காசிராஜன் அந்த எண்ணைப் பார்த்தான். மறுபடி ஓட்டினான். மறுபடியும். மீன் கவிச்சி போல ஒரு வாடை வந்தது. கீழே மீன் பொரிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு உச்சிமாகாளி குளிக்கப் போனான்.

கீழே மீன் பொரிக்கவில்லை. சசிகலா அக்கா படியேறி வந்தாள்.

"இன்னாபா கருவுது? வூட்ட கொளுத்திடுவீங்க போலகீதே!"

கம்ப்யூட்டரின் திறந்த பக்கத்தில் புகை. அவள் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். காசிராஜன் நாற்காலியிலேயே இருந்தான். புகை வந்ததை அவன்தான் முதலில் பார்த்தான். எழுந்து அணைக்க வேண்டும் என்றும் தெரிந்தது. எழவில்லை.

"லிமிட்ட எடுத்துட்டேன்க்கா. தாங்கல."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

அவள் அவனுடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "பொகை வருது, பாத்துகினே குந்தினுகீற. இன்னா புள்ளபா நீ" என்றாள். குரலில் கோபம் இல்லை. கீழே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தான்.

மறுநாள் கழற்றிப் பார்த்தான். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மின்சாரம் கொண்டுவந்த மலிவான இணைப்பு ஒயரின் பிளக்தான் உருகியிருந்தது. கார்டு தாங்கியதைப் பிளக் தாங்கவில்லை. வேறு நல்ல ஒயர் வாங்கி மாட்டி, பழைய பயாஸையே திரும்ப ஏற்றினான். பிறகு வேகத்தைக் கூட்டாமல், அதே வேகத்துக்குக் கொடுக்கும் வோல்டேஜைக் குறைத்துப் பார்த்தான். கார்டு குறைவாக இழுத்தது; வரம்பில் முட்டவில்லை; கப்பல் எரியும்போதும் வேகம் விழவில்லை. ஸ்கோர் அந்த ஞாயிற்றுக்கிழமை அளவுக்கு வரவில்லை, ஆனால் பக்கத்தில் வந்தது. அத்தோடு பெஞ்ச்மார்க் ஓட்டுவதை விட்டுவிட்டான்.

விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் ஆபீசர் வந்தார். மீட்டிங் ரூமில் தமிழ்வாணனும் இருந்தார்.

"சென்சார் ஆன்ல இருந்துச்சா?"

ஒப்புக்கொண்டதைச் சொல்லிவிட்டு வரத்தான் காசிராஜன் போயிருந்தான்.

"இல்ல மேடம். ஆஃப்ல இருந்துச்சு."

"யார் ஆஃப் பண்ணது?"

"அன்னைக்கு நான். மத்த நாள் மத்தவங்க. எண்ணிக்கை வரணும்னு சார் சொல்லுவாரு."

தமிழ்வாணன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைத் தைரியத்தில் சொன்னதாகக் காசிராஜனுக்கு அப்போதும் தோன்றவில்லை, பிறகும் தோன்றவில்லை. கேட்டார்கள், உள்ளதே வாயில் வந்துவிட்டது. வெளியே வந்ததும் பசித்தது, கேன்டீனுக்குப் போனான்.

சென்சாரை அணைக்கும் சாவிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பிரஸ் ஷாப்பில் லைன் மெதுவானது, எண்ணிக்கையை எட்ட எல்லாரும் கூடுதல் நேரம் நிற்க வேண்டியதாயிற்று. தமிழ்வாணனை வேறு பிளான்ட்டுக்கு மாற்றினார்கள், போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. காசிராஜனுக்கு ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ்ஸில் பிரஸ் ஷாப் ஆட்கள் அவன் பக்கத்தில் உட்காருவதை விட்டார்கள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவான்.

மார்கழியில் ஒரு நாள் மணிகண்டபிரபு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். விபத்தன்று பக்கத்து மெஷினில் நின்று கத்தியவன் அவன்தான். வாலாஜாபாத் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன, பஸ் நகரவில்லை.

"காலைல மெஷின் நின்னுச்சு" என்றான் மணிகண்டபிரபு. "என் கை உள்ள இருந்துச்சு."

காசிராஜன் அவன் விரல்களைப் பார்த்தான். "ம்" என்றான். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல. வூட்டுக்குப் போய்தான்."

பஸ் நகர்ந்தது. மணிகண்டபிரபு இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.