ஆட்டம் சரியில்லீங்க மாமா

ஓடுகிற கன்வேயரின் பேரிங் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் போதும், உள்ளே குண்டு தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் என்னோடு வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வடக்குத்து என்கிற ஊரில் அடுத்தவர் நிலத்தில் களை பறித்த குடும்பம். காண்ட்ராக்டில் மண்வெட்டியோடு உள்ளே போய், பார்த்துப் பார்த்தே ஃபிட்டர் வேலையைப் பிடித்து, பர்மனென்ட் ஆகி, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாங்கி, மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்து, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தேன். என் கை பட்டுக் கெட்டுப்போன சாமான் என்று ஒன்றை எவனும் காட்ட முடியாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாயிரத்துப் பதினாலாம் வருஷத் தீபாவளி வரைக்கும் அது உண்மையாகத்தான் இருந்தது.

அது அவர்களுக்குத் தலைத் தீபாவளி. செவ்வாய்க்கிழமையே வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை துணிப்பையை மகளிடம் விட்டுவிட்டு ஒரு பலகைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“ஆர்மோனியமா மாப்ள?” என்றேன்.

சிரித்தார். சிரிப்பதோடு சரி, பேச மாட்டார். கல்யாணமாகி ஆறு மாதத்தில் என்னிடம் அவர் பேசியதை ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தில் எழுதிவிடலாம்.

மகள்தான் விளக்கினாள். டிவியில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிற சண்டை விளையாட்டு. அதை ஆட எல்லாரும் கையடக்கமான ரிமோட் மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். இவருக்கு அது ஒத்துவரவில்லை. அந்தக் காலத்துக் கடைகளில் காசு போட்டு ஆடுவார்களே, அந்த மெஷினில் இருந்தது போலக் குச்சியும் பொத்தானும்தான் வேண்டும். வெளிநாட்டிலிருந்து மூன்று வகைக் குச்சி வரவழைத்து, ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் ஆடிப் பார்த்து, கத்திரிக்காய்த் தலை வைத்ததையும் கனமாகத் திரும்புகிறதையும் தள்ளிவிட்டு, எலுமிச்சங்காய் மாதிரி உருண்டைத் தலை வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிளைவுட்டில் தானே பெட்டி செய்து பொருத்தியிருக்கிறார். பொண்ணு பார்க்கக்கூட அவர் இவ்வளவு யோசிக்கவில்லை என்றாள்.

“ஞாயித்துக்கெழம மெட்ராசுல போட்டிப்பா. ஜெயிச்சா வெளிநாட்டுக்கு ஆட அனுப்புவாங்க. போன வருஷம் கடைசி ரவுண்டுல போயிடுச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா இத்தோட விட்டுடறேன்னு அவங்க அப்பாகிட்ட வாக்கு குடுத்துட்டாரு.”

“எங்கூட்டு மாப்ள ஜெயிப்பாரு,” என்றேன்.

புதன்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி கட்டி, இட்லியும் கறிக்குழம்பும் ஆனபிறகு மாப்பிள்ளை டிவி முன்னால் தரையில் உட்கார்ந்தார். பெட்டி மடியில். குச்சியை அவர் பிடித்த விதம் எனக்குப் புதிது. மேலேயிருந்து பிடிக்காமல், சூடான டம்ளரைக் கீழிருந்து தாங்குவது போல இரண்டு விரலுக்கு நடுவே தாங்கினார். வெளியே பிளாக் முழுக்கச் சரவெடி. உள்ளே இவர் கையில் டிக்கு டிக்கு என்று சுவிட்ச் சத்தம். ஒரு மணி நேரம் ஆடிவிட்டுக் கையை உதறினார்.

“என்னா மாப்ள, மூஞ்சி வாடிக் கெடக்குது? பலகாரம் சேரலையா?”

“அதெல்லாம் இல்லீங்க மாமா. ஆட்டம் சரியில்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணணும்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். நான் போய்க் குச்சியைத் தொட்டுப் பார்த்தேன். கிழவன் பல் மாதிரி ஆடியது. சும்மா விரல் பட்டாலே அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்தது.

எங்கள் பணிமனையில் ஆட்டம் என்றால் ஒரே அர்த்தம்தான். தண்டுக்கும் துளைக்கும் நடுவில் விழுகிற இடைவெளி. தண்டில் ஆட்டம் இருந்தால் பேரிங் போகும், பேரிங் போனால் பெல்ட் நிற்கும், பெல்ட் நின்றால் கீழே கொதிகலனுக்குக் கரி போகாது. முப்பது வருஷம் நான் சம்பளம் வாங்கியது ஆட்டம் எடுப்பதற்குத்தான். மாமியாரிடம் தண்ணீர் கேட்கக் கூசுகிறவர், என்னிடம் வாய் திறந்து ஆட்டம் சரியில்லை என்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

வியாழக்கிழமை மேல்பட்டாம்பாக்கத்தில் என் சகலை வீட்டில் புதுமணத் தம்பதிக்கு விருந்து. என் மனைவியும் கூடப் போனாள். எனக்கு ஷிப்ட் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, பெட்டியைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்து வடக்குத்துக்குப் போனேன். அங்கே லேத்துப் பட்டறை வைத்திருப்பவன் என்னோடு காண்ட்ராக்டில் மண் வெட்டியவன். பண்டிகை லீவு. எனக்காகத் திறந்தான்.

பெட்டியைக் கழற்றிப் பரப்பினோம். குச்சி ஒரு நைலான் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. கீழே பேனாவுக்குள் இருக்கிற மாதிரி ஒரு சுருள்வில். சுற்றி நாலு சுவிட்ச். குச்சி சாய்கிற பக்கத்துச் சுவிட்ச் விழும். மூலையில் சாய்த்தால் இரண்டு சேர்ந்து விழும். அவ்வளவுதான் சூட்சுமம்.

“யோவ், பொம்மைச் சாமானுக்கு என்னாத்துக்குய்யா பித்தள புஷ்ஷு?” என்றான் பட்டறைக்காரன். “அந்தப் புள்ளையாண்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“அவரே சொன்னாருய்யா, ஆட்டம் சரியில்லன்னு.”

“சரி பண்ணிக் குடுன்னு சொன்னாரா?”

“மாமனாராண்ட அப்படியா கேப்பாங்க? நாமளா புரிஞ்சிக்கணும்.”

அவன் லேத்து சுவிட்சைப் போட்டான். நைலான் கிண்ணத்தைத் துளைத்துப் பெரிதாக்கி, தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற பித்தளைக் குழலாக ஒரு புஷ் கடைந்து, அடித்து இறக்கினோம். மயிரிழை இடைவெளி இல்லை. சுருள்வில்லையும் எடுத்துவிட்டு அதைவிடத் தடியானதாக ஒன்று போட்டேன். பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பாறையில் நட்ட கம்பி மாதிரி நின்றது. அன்றைக்கு அந்தப் பட்டறையில் நான் மீசையை முறுக்கியது உண்மை.

சாயங்காலம் அவர்கள் வந்ததும் பெட்டியை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். “பாருங்க மாப்ள. இருபது வருஷத்துக்கு அசையாது.”

அவர் குச்சியைத் தொட்டார். கீழிருந்து தாங்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. டிக்கு டிக்கு என்று நாலு சத்தம் வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தது. முகத்தில் இருந்த ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன், ஆனால் என்னவென்று புரிந்துகொள்ளவில்லை.

“டைட்டா இருக்குங்க மாமா,” என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க.”

மகள்தான் சமையல்கட்டுக்குள் என்னை இழுத்துப் போனாள்.

“உன்ன யாருப்பா அதத் தொடச் சொன்னது?”

“அவருதாம்மா ஆட்டம் சரியில்லன்னாரு.”

“அவரு ஆட்டத்தச் சொன்னாருப்பா. அவரு ஆடற ஆட்டம். பழக்கம் விட்டுப்போச்சு, கை வரலன்னாரு. குச்சி ஆடத்தான் செய்யும். அது ஆடுனாத்தான் அவரு ஆட முடியும்.”

என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “வூட்டு மிக்சி ஆறு மாசமா ஆடுது. அதுக்கு ஒரு புஷ்ஷு போடத் தோணல இந்த மனுசனுக்கு.”

திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கிண்ணத்தைத் துளைத்தாகிவிட்டது, துளைத்ததை எப்படி மூடுவது? புதுக் கிண்ணம் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றாள் மகள். வெள்ளிக்கிழமை புஷ்ஷை அரம் வைத்துத் தேய்த்தேன். அதிகமாகத் தேய்ந்து குச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. டேப் சுற்றினேன். எழுந்தது, ஆனால் மூலைக்குப் போக மறுத்தது. பட்டறைக்காரன் குடும்பத்தோடு திருப்பதி போய்விட்டான். பழைய சுருள்வில்லைத் தேடினால் சாக்கிலும் இல்லை, வண்டியிலும் இல்லை. பேரிங் சத்தத்தைக் காதால் பிடிக்கிறவன், ஒரு பேனா வில்லைத் தேடி வாசலில் தவழ்ந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து குனிந்து அவரும் தேடினார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரோடும் நானும் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை.

பெரிய கூடம். வரிசையாக டிவி. இரண்டு தடவை தோற்றால் வெளியே என்பது சட்டம். மாப்பிள்ளைக்குப் பின்னால் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் டிவியில் அவர் ஆட்டுவிக்கிற பொம்மை முன்னால் போக வேண்டிய இடத்தில் குதித்தது, குனிய வேண்டிய இடத்தில் அடி வாங்கியது. அந்த விளையாட்டு எனக்குத் தெரியாது. கை தெரியும். கை சரியாகத்தான் போனது, குச்சி கேட்கவில்லை. தோற்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மாப்பிள்ளை குச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்ன ப்ரோ, வெல்டிங் வெச்சிட்டாங்களா? இந்தா, என்னுது எடுத்துக்க. எனக்கு ஆட்டம் முடிஞ்சிது,” என்று தன் பெட்டியை நீட்டினார்.

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமல் இருப்பதற்குக் கழுத்தை இறுக்கிக்கொண்டது தெரிந்தது. “வேணாம் ப்ரோ, இதே போதும்,” என்றார்.

வாங்கிக்குங்க மாப்ள என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், என் வேலை உதவாது என்று அத்தனை பேர் முன்னால் நானே சொன்னதாகும். அதையும் விழுங்கியிருப்பேன். ஆனால் நான் சொல்லி அவர் வாங்கினால் மாமனாரை அவமானப்படுத்திவிட்டோம் என்று அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் நினைப்பார். அப்படித்தான் அவரை வளர்த்திருந்தார்கள். நான் எழுந்தேன்.

“டீ குடிச்சிட்டு வரேன்,” என்றேன். நான் இல்லையென்றால் மாற்றிக்கொள்வார் என்று கணக்கு.

எதிர்க்கடையில் டீயை வாங்கி, ஆற விட்டு, குடித்து, இன்னொன்று வாங்கினேன். மகள் தெருவைக் கடந்து வந்தாள்.

“மாத்திக்கிட்டாராம்மா?”

“கையில வாங்குனாருப்பா. அப்புறம் திருப்பிக் குடுத்துட்டாரு. மாமா வந்து பாத்தா மனசு கஷ்டப்படுவாருன்னு.” என் கையிலிருந்த டம்ளரை வாங்கி மேடையில் வைத்தாள். “ரெண்டாவதும் தோத்துட்டாருப்பா. முடிஞ்சிடுச்சு.”

அவர்களுக்கு இன்னும் இரண்டு நாள் லீவு, துணிமணியும் எங்கள் வீட்டில்தான் என்பதால் சேர்ந்தே ஊருக்குத் திரும்பினோம். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட். மாப்பிள்ளை ஜன்னலோரம், நான் நடுவில், மகள் அந்த ஓரம். பெட்டி என் மடியில். திண்டிவனம் தாண்டியது.

“மாப்ள,” என்றேன். “உங்க அப்பாகிட்ட நான் வேணா பேசறேன். தப்பு என்னுதுன்னு.”

“வேணாங்க மாமா. வாக்கு வாக்குதான்.”

“இனிமே உங்க சாமான நான் தொட மாட்டேன்.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். “தொடுங்க மாமா. இனிமே எனக்கு எதுக்கு அது.”

கோபமாகச் சொன்னாரா, சமாதானமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் தூங்கிவிட்டார். பஸ் குலுங்கும்போதெல்லாம் பெட்டி என் மடியில் எகிறியது. குச்சி மட்டும் அசையவில்லை.