வாலன்சேயில் அலை கரைக்கு வந்தது, மச்சாள் போனாள்

போன ஆகஸ்ட் மாதம் என் கணவரின் தங்கை தர்சினி பருத்தித்துறையிலிருந்து சுவிட்சர்லாந்தில் நாங்கள் இருக்கும் கூர் நகருக்கு வந்திருந்தாள். மலைகளைக் காட்டிக் காட்டி எனக்கே அலுத்துவிட்டது. அவள் கேட்டதோ நீந்துவதற்கு ஓர் இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வாலன்சே ஏரிக்குக் கூட்டிப்போனேன். வாலன்ஸ்டாட் வரை ரயிலில் முக்கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து கரைக்குக் கால் மணி நேர நடை. அரைக்கட்டண அட்டை இருந்தால் செலவு அதிகமில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காற்று நின்றிருந்தது. ஆனாலும் அலைகள் வந்துகொண்டே இருந்தன. காற்றில்லாமல் அலை எங்கிருந்து வருகிறது? அன்றைய முதல் குழப்பம் அதுதான்.

குளிக்கும் இடத்தில் சனம் நிறைந்திருந்தது. அதனால் ஆறு ஏரியில் விழும் பக்கமாகப் போனோம். "ஆழத்துக்குப் போகாதே" என்றேன்.

"கடலிலயே நீந்தினனான், மச்சாள். இது ஏரிதானே!"

கொஞ்ச நேரத்தில் அவள் தலை சிறிதாகத் தெரிந்தது. அலைகள் என் காலடிக்குத்தான் வந்தன. அவளையும் கொண்டுவந்துவிடும் என்று நின்றேன். அவள் விலகிக்கொண்டே போனாள்.

"மச்சாள், கரைக்குத்தான் நீந்திறன்! ஏன் தூரமாப் போறன்?"

குரல் உடைந்திருந்தது. நான் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். பலகையில் நின்று துடுப்பு வலித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் என்னைத் தடுத்தார். ஆற்றை எதிர்க்காமல் பக்கவாட்டாக நீந்தச் சொல்லும்படி ஜெர்மனில் கத்திவிட்டு அவளை நோக்கி விரைந்தார். 'வலப்பக்கம்' என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு வலமா, அவளுக்கு வலமா? சற்றுத் தள்ளிக் கரையில் ஒரு மரம் நின்றது.

"மரப்பக்கமா நீந்து! கரைக்கு வராதே! மரத்தைப் பார்!"

கரைக்கு வராதே என்று நானே கத்தினேன். அவள் திரும்பினாள். இழுவை விட்டது. அந்த மனிதரின் பலகையைப் பிடித்தபடி வந்து சேர்ந்தாள். உதடு நீலமாகியிருந்தது. இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

பிறகு அவர் விளக்கினார். காலையில் ஏரியின் மறுமுனையில் அடித்த காற்று எழுப்பிய அலைகளாம் இவை. காற்று நின்றாலும் ஓடி வருமாம். அலை தண்ணீரைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை, தண்ணீர் நின்ற இடத்திலேயே சுழன்றெழும். அலை மட்டும் அதைக் கடந்து போகும். அவளைத் தள்ளியது ஆற்று நீரோட்டம். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அப்ப அலை ஒண்டையும் கொண்டு வாறேல்லையோ?"

"ஓம், அப்பிடித்தான் சொல்லுறார்."

"அப்ப என்ர செருப்பு?"

நீந்தும்போது கழன்ற ரப்பர் செருப்பு கொஞ்சம் தள்ளிக் கரையில் கிடந்தது. ஒவ்வொரு அலையும் மிதப்பதைச் சிறிது சிறிதாய் முன்னே நகர்த்தத்தான் செய்யும் என்று தொடங்கியவர், எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்து நிறுத்திவிட்டார். எனக்கு இன்றும் பாதிதான் விளங்கியிருக்கிறது.

போகிறவர்களுக்கு: ஆறு விழும் இடத்தில் இறங்காதீர்கள். கரையில் செம்மஞ்சள் புயல் எச்சரிக்கை விளக்கு மின்னினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். இழுபட்டால் எதிர்த்து நீந்திக் களைக்காமல் பக்கமாக விலகுங்கள்.

திரும்பும் ரயிலில் தர்சினி ஜன்னலோரம் அமர்ந்தாள். சார்கன்ஸ் நிலையம் தாண்டியதும் என் கையைச் சுரண்டினாள்.

"வாற ஞாயிறும் போவமோ, மச்சாள்? சனம் நிக்கிற பக்கமா."