படத்துக்கு நான் எழுதிய பெயர்

பிள்ளைகள், இதை உங்களுக்கு எப்போதோ சொல்லியிருக்கவேணும். நினைத்தாலே என்மேல் எனக்கு எரிச்சல் வரும், அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

எழுபதுகளின் நடுவில், அவுஸ்திரேலியாவில், மெல்பேர்னுக்குப் பக்கத்து டண்டினொங்கில் கார்களுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலை செய்தேன். பக்கத்தில் நின்று வேலை செய்தவனும் இலங்கைதான், புத்தளத்தான். அவனுடைய முன்னோர் ஆபிரிக்கர். பகலெல்லாம் கார், வீட்டுக்குப் போனால் படம் கீறுவான். எங்கள் இலங்கைச் சங்கம் மெல்பேர்னில் ஒரு மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைத்தபோது அவனும் ஒரு படம் தந்தான். சிவப்புக் கோட்டுப் போட்ட கறுப்புச் சிப்பாய், காலில் செருப்பில்லை. கீழே ஒட்டச்சொல்லி இங்கிலிசில் எழுதியும் தந்தான்: "மொசாம்பிக்கில் விலைக்கு வாங்கி, பிரிட்டிஷ் படைக்கென்று இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட என் பாட்டன்மாரில் ஒருவர்."

"இந்த எழுத்து இல்லாட்டி இது வெறும் படம், மச்சான்" என்றான்.

சங்கத் தலைவர் டொக்டர். அதை வாசித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, உம்மட எழுத்து வடிவு. 'கண்டி வீரன்' எண்டு எழுதி ஒட்டிவிடும்."

"அது அவன்ர பாட்டன் ஐயா."

"இருக்கட்டும். ஏற்கெனவே ட்ராமில எங்களை ஒரு மாதிரித்தான் பாக்கிறாங்கள். நாங்களும் ஆபிரிக்காக்காரர் எண்டு நினைக்கப்போறாங்கள்."

நான் எட்டாம் வகுப்பு. அவர் டொக்டர். எழுதினேன். அதிலும் ஒரு கெட்டித்தனம் செய்தேன்: அவன் தந்த தாளைக் கிழிக்காமல் அதன்மேலேயே ஒட்டினேன். தலைவர் போனதும் உரித்துவிடலாம், இரண்டு பேருக்கும் மனம் நோகாது என்று கணக்குப் போட்டேன்.

தலைவர் போகவில்லை. அவன்தான் வந்தான், வேலை உடுப்போடேயே. ஒரு வெள்ளைக்காரி அவன் கையைப் பிடித்து, கண்டி வீரன் மிக அருமை என்று பாராட்டினாள். குனிந்து பார்த்தான். என் தாளை மெல்ல உரித்தான்.

"உன்ர எழுத்துத்தானே?"

"பிறகு கழட்டுவம் எண்டுதான்..."

"எப்ப? சனமெல்லாம் போனாப் பிறகோ?"

படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். தலைவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை வேலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"இஞ்ச ஏன் கேக்கிறாய்?" என்றான். "அந்த மண்டபத்தில, அவருக்கு முன்னால கேட்டிருக்கலாம்."

அந்தப் படத்தை அவன் பிறகு எனக்குக் காட்டவேயில்லை.