பாட்டு லேப்டாப்பில் வந்த வானம்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் பிறந்து, இன்றும் அங்கிருந்தே ரயிலேறி பெங்களூரு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய் வருகிறவர் ஷைலா. மார்கழி, தை மாதங்களில் வீடு திரும்புகையில், பங்காருப்பேட்டை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள்தான் அவரை வானம் பார்க்கும் வழிக்கு இழுத்தன. முதலில் தொலைநோக்கி வந்தது. பிறகு வானத்தைப் படமெடுக்கும் கேமரா வந்தது. நெடுநேரம் ஒளி வாங்கும்போது சூடேறிப் படத்தில் புள்ளி விழாமலிருக்க, தன்னைத்தானே பனிக்கட்டியைவிடக் குளிரவைத்துக்கொள்ளும் கேமரா அது.

அவர் வீட்டைச் சுற்றிலும் தெருவிளக்குகள். அதனால் சர்ச் ஹாலின் மொட்டைமாடி அறையைக் கேட்டார். "மொதல்ல அதுல இன்னா தெரியுதுன்னு எங்களுக்குக் காட்டும்மா" என்றார் கமிட்டிச் செயலாளர் ஏனோக்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இருட்டியதும் ஹால் நிறைந்துவிட்டது. வாசலுக்கு வெளியே கேமரா மாட்டிய தொலைநோக்கி, உள்ளே புரொஜெக்டர். ஷைலாவின் லேப்டாப் அந்தப் பழைய புரொஜெக்டரோடு ஒத்துப்போகாததால், ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டுகளைச் சுவரில் காட்டும் சர்ச் லேப்டாப்பிலேயே மென்பொருளை ஏற்றியிருந்தார். அந்த லேப்டாப்புக்குப் பொறுப்பு கொர்னேலியஸ் ஐயா. வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

சுவரில் படம் விழுந்தது. முழுக்கக் கறுப்பு.

தொலைநோக்கியின் மூடி திறந்திருக்கிறதா என்று ஷைலா பார்த்தார். கேபிளை மாற்றினார். ஒளி வாங்கும் நேரத்தைக் கூட்டினார். கறுப்பு அப்படியே இருந்தது.

"இதுக்கு நான் ஷாஃப்ட்டுக்குள்ளயே எறங்கிப் பாத்திருப்பனே" என்றார் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ராஜப்பா. ஹால் சிரித்தது. ஷைலாவும் சிரித்தார், ஆனால் அறை கைவிட்டுப் போகிறது என்று உள்ளுக்குள் தெரிந்தது. பதிவாகும் ஒளி மிக மெல்லியது. அதைத் தூக்கிக்காட்டும் கட்டம் ஒன்று மென்பொருளின் வலது ஓரத்தில் இருக்க வேண்டும். இங்கே அது இல்லவே இல்லை.

கடைசி வரிசையிலிருந்து ஐடா அக்கா குரல் கொடுத்தார். "கண்ணாடி இல்லாமயே எனக்குப் படிக்க முடியுதும்மா. மைனஸ் பத்துன்னு போட்டுகீது. ஜுரம் கிரம் ஒண்ணும் இல்ல, உன் கேமரா நல்லாத்தான் கீது."

ஷைலாவின் கை நின்றது. வீட்டில், கேமராவின் குளிரைக் காட்டும் அந்த எண்ணைப் படிக்கத் திரைக்கு முகத்தைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். இங்கே அது பாட்டு வரி அளவுக்கு நின்றது.

"ஐயா, இதுல எழுத்தப் பெருசாக்கி வெச்சிருக்கீங்களா?"

"ஆமா. பின்னாடி ஒக்காந்துகீறவங்களுக்குப் பாட்டு தெரிய வேணாமா? நான்தான் வெச்சேன். இன்னா, தப்பா?"

"தப்பே இல்லைங்க. எழுத்தோட சேந்து கட்டமெல்லாம் பெருசாயிடுச்சு. எனக்கு வேண்டியது திரைக்குக் கீழ போயிடுச்சு. கொஞ்ச நேரத்துக்குச் சின்னதாக்கட்டுமா?"

"காலைல ஆராதனை கீதும்மா."

"பழையபடி வெச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

கொர்னேலியஸ் ஐயா சுவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "நீ தள்ளு. நானே பண்றேன்."

எழுத்து சுருங்கியது. ஷைலா மென்பொருளை மூடித் திறந்தார். கேமரா மறுபடி குளிர்ந்து வரும்வரை பொறுத்தார். காணாமல் போன கட்டம் வலது ஓரத்தின் அடியில் இருந்தது. அதிலிருந்த கோட்டை மெல்ல நகர்த்தினார். கறுப்புக்குள்ளிருந்து ரோஜா நிறத்தில் ஒரு மேகம், சிறகு விரித்தாற்போல், சுவர் முழுக்கப் பரவியது. 

"இது நம்ம ஊரு மேலயா கீது?" என்றார் ராஜப்பா.

"ஆமாங்க. வெளிய போய்ப் பாருங்க. மூணு நட்சத்திரம் வரிசையா நிக்கும், அதுக்குக் கீழ."

அவர் எழுந்து போனார். பின்னாலேயே பாதி ஹால் எழுந்தது. வாசலுக்கும் சுவருக்குமாக ஜனங்கள் போய் வந்தபடி இருந்தார்கள். அந்த நடமாட்டத்தில் தொலைநோக்கியை யாரும் இடித்துவிடாமல் ஷைலா காவல் நின்றார். இத்தனை பேர் தன் வானத்தைப் பார்க்கிறார்கள் என்பதே அவருக்கு நிமிர்வாக இருந்தது.

"மாடி ரூம்ல கீற ஒடஞ்ச பெஞ்செல்லாம் திங்கக்கெழமை எறக்கிடலாம்" என்றார் கொர்னேலியஸ் ஐயா.

"அதுக்குக் கமிட்டி கூட்டம் போடணுமே, ஐயா" என்றார் ஏனோக்.

"அப்ப இது இன்னாவாம்?" என்று நிறைந்திருந்த ஹாலைக் காட்டினார் கொர்னேலியஸ் ஐயா.