என் பாட்டில் புகுந்த ரொட்டிக்காரர்

சிம்பாங் அம்பாட் பக்கம் எங்கள் எஸ்டேட் வீட்டில், பள்ளி விட்டு வந்தால் நான் ஒருத்திதான். அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை முடிந்து வர மாலையாகிவிடும். அம்மாவுக்குச் சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை; மாதம் ஒருமுறைதான் வருவார். பக்கத்து வீட்டு அத்தை சோறு வைத்துவிட்டுப் போய்விடுவார். டிவியோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது?

நாலாம் வகுப்பில் ரெக்கார்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழலை ஊதக் கற்றுக்கொடுத்தார்கள். டீச்சர் சொன்ன பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்காக வந்த நாலைந்து சுரங்களை வைத்து நானே ஒரு மெட்டுக் கட்டினேன். கர்வம் தலைக்கேறிவிட்டது. அப்பாவின் பழைய கைப்பேசியில் பதிவுசெய்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அம்மா கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பதில், "சாப்டியா?" அவ்வளவுதான். மறுநாள் வேறொரு மெட்டு அனுப்பினேன். அதற்கும் "சாப்டியா?" நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வாய் வலிக்குமா? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தினமும் ஊதினேன். அழுகை அழுகையாக வந்தது.

அடுத்த லீவுக்கு வந்த அம்மா, துணி காயப்போட்டுக்கொண்டே என் முதல் மெட்டை முனகினார். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஆனால் நடுவில் "பொம் பொம்" என்று ஒன்றைச் சேர்த்தார். மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வருபவர் அடிக்கும் ஹார்ன் அது. பதிவுக்குள் புகுந்திருக்கிறது.

"அம்மா, அது பாட்டு இல்ல. ரொட்டி அங்கிள் ஹார்ன்."

"தெரியும் லா," என்றவர் மறுபடியும் அதைச் சேர்த்தே முனகினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் திரும்பிப் போனதும் ஜன்னல்களை எல்லாம் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க ஊதி அனுப்பினேன். ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. அன்று மாலையே அம்மா போனில் கூப்பிட்டார்.

"நல்லாதான் ஊதுற. ஆனா ஜன்னலத் திறந்து வச்சு ஊதும்மா. கோழி கத்தும்ல, அத்தை வீட்டு ரேடியோ பாடும்ல. அதெல்லாம் இல்லாம எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

கேட்ட வார்த்தை கிடைத்தும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "அம்மாவுக்குப் பாட்டே தெரியலப்பா," என்று அப்பாவிடம் புகார் சொன்னேன். அவர் எழுந்துபோய், சாத்தியிருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். கொசு வருமே என்று நான் முணுமுணுத்தேன். எங்கள் மூவரில் தனியாக இருப்பது நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.