வெள்ளை இலையில் ஒரு பச்சைத் துளிர்

முப்பது வயசாச்சு, கல்யாணமும் இல்லை, வேலையும் இல்லை, பொண்ணு அப்படி என்னதான் படிக்கிறா? ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் அம்மாவை நிறுத்தி இதைக் கேட்காதவர்கள் கிடையாது. "ஏதோ ஆராய்ச்சிங்க" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையோடு மாடியேறுவாள். அந்தக் கேள்விக்கு அவளுக்கு நான் ஒரு பதில் கொடுத்தேன் பாருங்கள், நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

என் பிழைப்பு புகையிலைச் செடியோடு. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்குள் புது மரபணு ஒன்றைச் செலுத்த வேண்டும். அது உள்ளே போய் ஒட்டிக்கொண்டதா என்று எப்படித் தெரியும்? அதற்காகவே ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் இன்னொரு மரபணுவையும் சேர்த்து அனுப்புவோம். பிறகு இலையைத் துண்டு போட்டு, அந்த ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டில் வைப்போம். மரபணுவை வாங்கிக்கொள்ளாத துண்டெல்லாம் வெளுத்துப்போகும். வாங்கிக்கொண்டது பச்சையாகத் துளிர்க்கும். எனக்கு மாதக்கணக்கில் எல்லாமே வெள்ளை. தட்டைப் பார்க்கவே எரிச்சலாக வரும்.

ஒரு நாள் காலை, வெளுத்த துண்டு ஒன்றின் ஓரத்தில் பச்சையாக ஒரு துளிர். ஐயோ, நான் போட்ட கூச்சலில் பக்கத்து லேபிலிருந்து ஆள் ஓடி வந்தது. எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. பச்சையைப் பார்த்ததும் யாரும் 'வந்துடுச்சு' என்று சொல்ல மாட்டார்கள். சில சமயம் செடி தானாகவே மாறி, நம் மரபணு இல்லாமலே அந்த மருந்தைத் தாங்கிவிடும். அதனால் துளிரை நறுக்கி, இரண்டு ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டில் வைக்க வேண்டும். நாங்கள் அனுப்பும் மரபணு இரண்டையும் தாங்கும். தானாக மாறினது தாங்காது, வெளுத்துவிடும். இது புதுசாக வருகிறவர்களுக்கு நானே எடுக்கிற பாடம். நாங்கள் தீதி என்று கூப்பிடும் சீனியர் அக்கா, "பெஹ்லே செக் கரோ", முதலில் சோதித்துப் பார், என்று இந்தியில் சொன்னாள். "அச்சா, அச்சா" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். திமிர், வேறென்ன.

"அம்மா, வந்துடுச்சும்மா!"

"நெசமாவா? இனிமே டாக்டர் பட்டம் கெடச்சுருமில்ல?"

"கெடச்ச மாதிரிதான்."

அம்மா அன்றைக்கே மலை மந்திர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தாள். சர்க்கரைப் பொங்கல் வைத்து, தன்னைக் கேள்வி கேட்ட ஒரு வீடு விடாமல் கொடுத்தாள். நான் வீடு திரும்பியபோது கீழ்வீட்டு ஆன்ட்டி "பதாயி ஹோ" என்று வாழ்த்திக் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதிர்வீட்டு மாமி என் கன்னத்தைக் கிள்ளி, "நம்ம பில்டிங்குக்கே பெருமைடி" என்றார். அம்மா பக்கத்தில் நின்று வாய் நிறையச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அதன் பிறகுதான் துளிரை நறுக்கி இரண்டு மருந்துத் தட்டில் வைத்தேன். ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. கடைசியில் ஒரு பொட்டுப் பச்சைகூட மிஞ்சவில்லை. லேபில் யாரும் கேலி பேசவில்லை. பேசியிருந்தாலாவது தேவலை, நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன்.

வீட்டில் சொன்னேன். "அப்ப மாமிகிட்ட என்னடி சொல்லுவேன்?" என்று மட்டும் அம்மா கேட்டாள். அதற்கப்புறம் படிக்கட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்குவாள். அதைப் பார்க்கப் பார்க்க வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. செடி யாரையும் ஏமாற்றவில்லை. என் வாய்தான் அவசரப்பட்டது.

போன மாதம் இன்னொரு துளிர் வந்தது. வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இரண்டு மருந்திலும் வைத்தேன், பச்சையாகவே நின்றது. டி.என்.ஏ. சோதனையும் செய்து, மரபணு உள்ளே இருப்பதை உறுதி செய்துகொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, இந்தத் தடவை நெசமாவே வந்துடுச்சு" என்றேன்.

அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"மெதுவா சொல்லு" என்றாள்.