அம்மா அர்த்தம் கேட்ட ஆங்கிலச் சொல்

உறவினர்களே, நண்பர்களே,

எங்கள் அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. அம்மாவின் நற்குணங்களை இந்த நினைவு மலரில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, எங்களைப் பற்றியும் எழுதாமல் அம்மாவைப் பற்றி எழுத முடியாது என்று தெரிந்துவிட்டது. தம்பியும் படித்துவிட்டு, "இருக்கட்டும் அக்கா" என்றான்.

அம்மா பிறந்தது ஏரலில், ஒரு வாழை விவசாயி வீட்டில். வாழ்க்கைப்பட்டு வந்தது கல்லிடைக்குறிச்சிக்கு. நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமானார்கள். சத்துணவுக் கூடத்தில் சமைத்தும், சாயங்காலங்களில் அப்பளம் இட்டும் அம்மா எங்கள் இருவரையும் கல்லூரி வரை படிக்கவைத்தார்கள். கை எப்போதும் உளுந்து மாவு வாசனையோடு இருக்கும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் காதில் விழுந்த சொல்லுக்கு அர்த்தம் கேட்காமல் விட மாட்டார்கள். கடிகார பேட்டரியில் லைஃப் இல்லை என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம், "லைஃப்னா உயிரா, வாழ்க்கையா?" என்றார்கள்.

"ரெண்டுந்தாம்மா."

"அதெப்படி ரெண்டும் ஒண்ணாவும்? உயிரு இருக்கவுகளுக்கெல்லாம் வாழ்க்கை இருக்கா?"

அப்போது சிரித்தேன்.

எனக்குத் திருமணமாகி நான் திருநெல்வேலிக்கு வந்தேன். தம்பி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தான். அம்மா தனியாக இருந்தார்கள். அடுத்த தெருவில் இருந்தவர் கண்டக்டர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். அம்மா காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் காட்டியவர் அவர். நாங்கள் தொலைபேசியில் "மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டோம்.

பிறகு ஒருநாள் அம்மா என்னிடம் சொன்னார்கள்: "கண்டக்டரு இனிமே இங்கனதான் இருப்பாரு. ரெண்டு வீட்டுல ரெண்டு உலை எதுக்கு?"

தம்பி பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். நானும் போனேன். கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டார். தம்பி முற்றத்தில் நின்று, "இதுக்குப் பேரு லிவிங் டுகெதர்மா. ஊரே சிரிக்குது" என்றான்.

"அப்படின்னா என்னலே?"

தம்பி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா என்னைப் பார்த்தார்கள். "சேர்ந்து வாழுதது" என்றேன்.

"அவ்வளவுதானா? நான் என்னமோ கெட்ட வார்த்தைன்னுல்லா நெனச்சேன்." எங்கள் இருவரையும் பார்த்து, "அதைத் தமிழ்ல சொல்லதுக்கு ஏன் வெக்கப்படுதிய?" என்றார்கள்.

அப்படியானால் பதிவுத் திருமணமாவது செய்துகொள்ளுங்கள் என்றேன். "இந்த வயசுல மாலையும் கழுத்துமா நிக்கச் சொல்லுதியா? உங்க அப்பா இடம் அப்படியேதான் இருக்கு. இவரு எனக்குப் பேச்சுத்துணை. நான் சாப்பிட்டேனான்னு கேக்க ஒரு ஆளு."

அதன் பிறகு தீபாவளிக்கு நாங்கள் கல்லிடைக்குறிச்சிக்குப் போகவில்லை. தம்பியின் புதுமனை புகுவிழாவுக்கு அம்மாவை மட்டும் அழைத்தோம். அம்மா தனியாக ரயிலேறி பெங்களூருக்கு வந்தார்கள். விருந்து முடிந்ததும், "அவரு வெறும் மோரை ஊத்திச் சாப்பிட்டிருப்பாரு" என்று சொல்லி அன்றே கிளம்பிவிட்டார்கள். ஒரு தூக்குவாளியில் பாயசம் கேட்டார்கள். வழியில் கெட்டுப்போகும் என்று சொல்லி நாங்கள் கொடுக்கவில்லை.

பக்கவாதம் வந்த அன்று அம்மாவைத் திருநெல்வேலி மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் கண்டக்டர்தான். நான் ஓடிப்போனபோது செவிலியர் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "பேஷண்டுக்கு நீங்க யாரு?"

கண்டக்டர் என்னைப் பார்த்தார். பிறகு, "பக்கத்து வீடும்மா" என்றார்.

எங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அவரை விடவில்லை. வெளியே, அம்மாவின் செருப்பு போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிலைமை மோசமானபோது மருத்துவர் என்னை அழைத்து, லைஃப் சப்போர்ட் வைக்கலாமா, அம்மா அதுபற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தம்பிக்கும் தெரியவில்லை. வெளியே வந்து கண்டக்டரிடம் கேட்டேன்.

"சொல்லியிருக்கா தாயி. வாழ்க்கை போன பொறவு உயிர மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டு இருக்காதியன்னு சொல்லுவா. இதையெல்லாம் உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லும் அளவுக்கு நாங்கள் அருகில் உட்காரவில்லை. மருத்துவரிடம் வேண்டாம் என்றேன். "இவரையும் உள்ளே விடுங்க" என்று செவிலியரிடம் கேட்டேன். யார் என்று மறுபடி கேட்டார். "வேண்டியவரு" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அவ்வளவுதான் சொல்ல வாய் வந்தது. அவர் உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலை அம்மா அடங்கினார்கள்.

துக்க வீட்டில் பெரியவர்கள் சிலர் கண்டக்டரைத் தெருவில் போட்டிருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். நாங்கள் தடுக்கவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் மணிமுத்தாற்றில் இருக்கும் தம் அண்ணன் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

சென்ற வாரம் நானும் தம்பியும் அங்கே போய், நினைவு நாளுக்கு வரவேண்டும் என்று அழைத்தோம். மெலிந்திருந்தார். காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "நான் எங்கன உக்காரணும் தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டே, "எங்க கூட, முன்னால" என்றான்.

"பாப்போம்" என்றார்.

அம்மாவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், படித்துறையில் காரியம் செய்து வைத்தவர்களுக்கும், அம்மாவோடு சத்துணவுக் கூடத்தில் உழைத்த தோழிகளுக்கும் எங்கள் நன்றி. கண்டக்டருக்கு நன்றி என்று ஒரு வரியில் எழுத எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

நினைவுக் கூட்டத்தில் இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது, எங்கள் பக்கத்தில் அவருக்கு ஓர் இடம் வைத்திருப்போம். அவர் வந்து உட்கார்ந்திருந்தால், அருகில் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். இடம் காலியாக இருந்தால், அவர்மேல் குறை சொல்லாதீர்கள். அதற்குக் காரணம் நாங்கள்.